கண்டெடுத்த தேதி

குவாங்சோ நகரில், முத்து ஆற்றங்கரையில் ஒயிட் ஸ்வான் என்றொரு ஓட்டல். சீனாவில் பிள்ளையைத் தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்கள் விசாவுக்காக அந்த ஊருக்கு வந்தாக வேண்டியிருந்தது. பலர் அந்த ஓட்டலில்தான் தங்கினார்கள். கூட வந்த குடும்பங்களின் குழந்தைகளையெல்லாம் ஒரு சிவப்பு சோபாவில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது சடங்காகவே ஆகிவிட்டது. அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போது கண் முதலில் அழுகிற குழந்தையிடம்தான் போகிறது. பிறகு, பக்கத்துக் குழந்தைமேல் சாய்ந்து சரிகிற ஒன்று. பிறகு, எங்கேயோ வெறித்துக்கொண்டிருக்கிற ஒன்று.

*

1992-இல் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் சுமார் 1,60,000 குழந்தைகள் வெளிநாடு போனார்கள். பாதிப்பேர் அமெரிக்காவுக்கு. பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்ற கட்டாயமும் ஆண்வாரிசு ஆசையும் சேர்ந்து செய்த வேலை அது.

குழந்தையை விட்டுவிட்டுப் போவது அங்கே குற்றம். அதனால் ரகசியமாக விட்டார்கள், ஆனால் யார் கண்ணிலாவது படுகிற இடமாகப் பார்த்து: சந்தை, பாலம், காவல் நிலைய வாசல். சில குழந்தைகளின் துணிக்குள் பிறந்த தேதி எழுதிய சீட்டு இருந்தது. சீட்டு இல்லாதவர்களுக்கு உடம்பைப் பார்த்து வயதைக் கணித்துப் பிறந்தநாள் போட்டார்கள். ஒரே அநாதை விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பெயர். பிறகு செய்தித்தாளில் விளம்பரம்: தபால்தலை அளவுப் படம், கண்டெடுத்த இடம், தேதி. அறுபது நாளில் யாரும் வராவிட்டால் அநாதை.

இந்தப் பிள்ளைகளின் காகிதங்களில் ஓரளவு நம்பக்கூடியது கண்டெடுத்த தேதி ஒன்றுதான் என்று நெடுநாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

*

ஒப்படைப்பு பெரும்பாலும் மாகாணத் தலைநகரில், ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் நடக்கும். விடுதி ஆயாக்கள் சொந்த ஊரிலிருந்து பேருந்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள். குளிர்காலமென்றால் குழந்தைக்குச் சட்டைமேல் சட்டையாக நாலைந்து, கை மடங்காது. பெயரைக் கூப்பிடுவார்கள். பல மாதமாக ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து கை நீட்டுவாள். அவள் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நிமிடம் அது. குழந்தைக்கோ, பழகிய வாசனை, பழகிய பேச்சு, தூக்கித் தூக்கிப் பழகிய தோள் எல்லாம் ஒரே நொடியில் போகிறது. அதுவும் இரண்டாவது தடவை.

அழாத குழந்தையைப் பார்த்தால்தான் விவரம் தெரிந்த தாய்மார்களுக்குக் கவலை. அன்று போட்டுவந்த சட்டையை உடனே துவைக்காதீர்கள், அந்த வாசனை அதற்கு வேண்டும் என்று முன்னே போனவர்கள் பின்னே வருகிறவர்களுக்குச் சொல்லியனுப்புவார்கள். தத்தெடுப்பைப் பற்றிய எத்தனையோ உபதேசங்களில் எனக்கு ஒப்புதலானது இது.

*

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கேமராவைச் சில பெற்றோர் விடுதிக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பினார்கள். ஆயாக்கள் படம் எடுத்துக் குழந்தையோடு கொடுத்துவிட்டால், அமெரிக்காவுக்கு வந்து கழுவிப் பார்க்கலாம். வரிசையான தொட்டில்கள், யாருடைய முழங்கையோ, மங்கலாக ஒரு சுவர். அந்தக் குழந்தைக்கு அதற்கு முந்திய காலம் என்று ஒன்று இருந்ததற்கு வேறு சாட்சி இருக்காது.

*

விதிக்கப்பட்டவர்களைக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூல் பிணைத்திருக்கிறது என்ற சீனக் கதையை இந்தக் குடும்பங்கள் ஆசையாக எடுத்துக்கொண்டன. கணவன் மனைவிக்கான கதை அது. நிலவுக் கிழவர் இருவர் காலையும் கட்டிவைப்பார். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மாற்றிக்கொண்டதில் தவறில்லை. ஆனால் நூலைக் கட்டியது விதி என்றால், பெற்றவள் இழந்ததும் விதிதானா? கேட்கிற வயது வந்தபின் பிள்ளைகள் கேட்கத்தான் செய்தார்கள்.

“பாசத்தினால்தான் உன்னை விட்டாங்க” என்று சொல்லிவந்த வீடுகள் உண்டு. அதைக் கேட்ட குழந்தை, இப்போது பாசம் காட்டுகிறவர்களும் விட்டுவிடுவார்களோ என்று பயப்படும். “தெரியலையே கண்ணு” என்பது கடினமான பதில். ஆனாலும் அதுவே தேவலை.

2005-இல் ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் விடுதிகளுக்குக் குழந்தைகளை விலைக்கு விற்ற கும்பல் பிடிபட்டது. தத்தெடுப்பவர்கள் விடுதிக்கு நன்கொடையாகக் கட்ட வேண்டிய 3,000 டாலர்தான் அந்தச் சந்தையின் முதல். அப்படியானால் குழந்தையை விட்டுவிட்டுப் போனார்களா, அது விலைக்கு வாங்கப்பட்டதா? கண்டெடுத்த தேதியும் கையை விட்டுப் போயிற்று. தங்கள் குழந்தையின் கோப்பை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்துப் படிக்கத் துணிந்த பெற்றோர் எத்தனைபேரோ.

*

2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்ற இந்த வாசலை மூடியது. நெருங்கிய இரத்த உறவும், கணவன் அல்லது மனைவியின் பிள்ளையும் மட்டும் விலக்கு. மூடியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கோவிட் வந்து பயணம் நின்றபோதே பொருத்தம் முடிந்திருந்த பிள்ளைகள் சில நூறு பேர். பலருக்கு மருத்துவத் தேவைகள் உண்டு. இவர்கள்தான் உன் அப்பா அம்மா என்று அவர்களில் சிலரிடம் படமும் காட்டியாகிவிட்டது. அறிவிப்பு அந்தக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வழியும் வைக்கவில்லை.