நூலின் தடமும் நுகர்வோன் அறமும்

ஒரு பொருளின் தோற்றுவாயை ஆராயாது தீர்ப்பு வழங்குதல் எத்துணைப் பெருந்தீங்கினை விளைவிக்கும் என்பதற்குத் தமிழிலக்கியம் தரும் சிறந்த சான்று சிலப்பதிகாரமாகும். பாண்டியன் அவையில் எழுந்த வழக்கு, ஒரு சிலம்பு யாருடையது என்பதே. அதன் உள்ளீட்டுப் பரல் முத்தா, மாணிக்கமா என்று முன்னரே வினவப்பட்டிருப்பின் கோவலன் கொலையுண்டிரான். மன்னன் தீய எண்ணம் கொண்டவனல்லன், அவன் அறியாதவன். எனினும் காப்பியம் அவனை விடுவிக்கவில்லை. அறிவதற்கு வழியிருந்தும் அறிய முயலாமை குற்றமேயாகும் என்பது அதன் துணிபு.

இவ்வறவியல் வினா இன்று நாம் அணியும் ஆடையைக் குறித்தும் எழுந்துள்ளது. 2024 யூலை 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதியொன்று, அச்சந்தையில் விற்கப்படும் பல்வகைப் பொருள்களுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு ஒன்றினைப் படிப்படியாகக் கட்டாயமாக்க வழிவகுத்தது. 2025 ஏப்ரலில் வெளியான அதன் முதலாவது செயற்றிட்டத்தில் ஆடைகள் முன்னுரிமை பெற்றன. ஆடையிலுள்ள ஒரு குறியைக் கைத்தொலைபேசியால் நோக்கின் அதன் இழை யாது, கலந்த இரசாயனம் யாது, எத்துணைக் காலம் உழைக்கும், மீளப் பயன்படுமா என்பன தெரியவருதல் வேண்டும் என்பது இதன் நோக்கம். விற்பனையாகாத ஆடைகளைப் பெருநிறுவனங்கள் அழித்தொழிப்பதற்கான தடைக்கு 2026 யூலை 19ஐத் தொடக்க நாளாக அதே சட்டம் குறித்துள்ளது. இவற்றுக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு ஆடை நிறுவனங்கள் தத்தம் வழங்குநரிடமும், அவ்வழங்குநர் தமக்கு மூலப்பொருள் தருவோரிடமும் தகவல் திரட்டும் பணியில் இறங்கியுள்ளனர்.

இப்பணி வன்னிப் பெருநிலப்பரப்புக்குத் தொலைவானதன்று. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் இங்கு நிறுவப்பட்ட பெருங்கைத்தொழில்களுள் ஆடைத் தொழில் முதன்மையானது. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் விடியல், வானவில் ஆகிய தொழிற்சாலைகளும், வவுனியாவில் இத்தாலிய நிறுவனமொன்றுக்கு ஆடை தைக்கும் ஒமேகா லைன் தொழிற்சாலையும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவ்வகைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலார் பெண்கள். அவருட் பலர் போரிலே குடும்பத்தினரை இழந்தவர்கள். நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 40 வீதம் ஆடை மூலமே கிடைக்கின்றது. இலங்கையிலே பருத்தி விளைவது அரிது. துணியிற் பெரும்பகுதி கடல் கடந்து வந்து, இங்கு வெட்டித் தைக்கப்பெற்று, மீண்டும் கடல் கடந்து செல்கின்றது. ஆகவே, ஓர் ஆடையின் தடத்தை வரைவோர் பல நாடுகளைக் கடந்தே வன்னிப் பெண்ணின் தையல் இயந்திரத்தை வந்தடைதல் வேண்டும்.

தடம் ஏன் மறைந்தது என்பது அடுத்து நோக்கத்தக்கது. சந்தையிலே பொருள்கள் தம்முள் உறவு கொள்வனபோல் தோன்ற, அவற்றை ஆக்கிய மனிதருக்கிடையிலான உறவு மறைந்துவிடுகின்றது என 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். இம்மறைப்பு எத்துணைக் கொடியது என்பதை 2013 ஏப்ரல் 24ஆம் நாள் பங்களாதேஷின் டாக்காவுக்கு அருகில் இடிந்து வீழ்ந்த ராணா பிளாசா கட்டடம் உலகுக்கு உணர்த்தியது. அங்கு 1,100இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்தெந்த நிறுவனத்துக்காக அவர்கள் உழைத்தனர் என்பதை நிறுவுதற்கு இடிபாடுகளிடையே ஆடைகளின் பெயர்ச்சீட்டுகளைத் தேட வேண்டியிருந்தது. உயிர் போன பின்னரே தடம் புலப்பட்டது.

ஆயின், தொலைவிலிருந்து ஒரு சட்டையை வாங்குபவன் இதற்கு எவ்வாறு பொறுப்பாவான்? அவன் எவரையும் வருத்தவில்லையே என வினவலாம். அமெரிக்க மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் ஆடைத்தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதற்கு விடை கூறினார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் கடந்ததை நோக்கியது. பொறுப்பு வருவதை நோக்கியது. அநீதி விளையும் ஓர் அமைப்பில் பங்குகொள்வோர் அனைவரும், தத்தம் ஆற்றலுக்கும் பெறும் பயனுக்கும் ஏற்ப, அதனைத் திருத்தும் கடமையுடையர் என்பது அவர் வாதம். இதனை ஏற்பின், தடமறிதல் அக்கடமையின் முதற்படியாகும். முதற்படி மாத்திரமே என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்திலேதான் புதிய விதிகளின் குறைபாடு புலனாகின்றது. கடவுச்சீட்டு இழையைப் பற்றி நிரம்பக் கூறும். இழைத்தவளைப் பற்றிக் கூறுவது குறைவு. அது பெரிதும் சூழலைக் கருதி எழுந்த ஏற்பாடு. தைத்தவளின் ஊதியத்தை அதிற் குறித்தாக வேண்டும் என்னும் நிபந்தனை அதன் மூலச்சட்டத்தில் இல்லை. தொழிலாளர் உரிமையைக் கருதி 2024இல் வேறொரு நெறிப்படுத்துகை இயற்றப்பட்டது. ஆயின், மறு ஆண்டிலேயே அதன் நடைமுறை பிற்போடப்பட்டதோடு அதன் எல்லையைச் சுருக்கும் முயற்சிகளும் தொடங்கின. பொருளின் பிறப்பை அறியும் ஆர்வத்தை விட, ஆளின் வாழ்வை அறியும் ஆர்வம் விரைவில் தளர்கின்றது.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்கள் மீது சோழ அரசின் இலச்சினை பொறிக்கப்பட்டது. அவ்விலச்சினை சுங்கம் கொள்வோனுக்குப் பயன்பட்டது. பண்டத்தை ஆக்கியவனுக்கு அதனாற் பயனில்லை. இன்றைய தடமும் இவ்வாறு ஒருவழிப்பட்டதாய் அமையும் ஆபத்துண்டு. தொழிற்சாலையின் தண்ணீர், மின்சாரம், இரசாயனம் யாவும் மேலேயுள்ள கொள்வனவாளருக்குத் தெரியும். தான் தைத்த சட்டை எங்கு, என்ன விலைக்கு விற்கின்றது என்பது தைத்தவளுக்குத் தெரியாது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது வெளிநாட்டு நிறுவனங்கள் பல தாம் வழங்கிய கட்டளைகளை இரத்துச் செய்தன. அம்முடிவு எங்கு, எவரால் எடுக்கப்பட்டது என்பதைத் தையல் மேசையிலிருந்து தேடிச் செல்ல வழியிருக்கவில்லை. தகவல் திரட்டும் செலவும் மேலிருந்து கீழே தள்ளப்படின், அது ஈற்றில் சிறிய தொழிலகத்தின் மீதும் தொழிலாளியின் மீதுமே சுமையாக விழும்.

தடம் அழிவதன் துயரை வன்னி மண் நன்கறியும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டம் ஆண்டுகள் பல தொடர்ந்தது. தம் பிள்ளைகள் எங்கே என்பதே அவர்தம் வினா. ஒரு நூலிழை எவ்வயலில் விளைந்தது என்பதை அறியப் பொறிமுறை வகுக்கும் உலகில், ஒரு மனிதன் எங்கே கொண்டுசெல்லப்பட்டான் என்னும் வினா விடையின்றி நிற்கின்றது. பொருளையும் மனிதரையும் ஒப்பிடுதல் இங்கு நோக்கமன்று. எதன் தடம் பேணப்படுகின்றது, எதன் தடம் கைவிடப்படுகின்றது என்பதைக் கருவிகள் தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் பலமே தீர்மானிக்கின்றது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. கொள்வனவாளன் கேட்டால் விடை வருகின்றது. தாய் கேட்டால் வருவதில்லை.

ஆகவே ஆடை நிறுவனங்களின் ஆயத்தம் படிவங்களை நிரப்புவதோடு நிறைவுறின் அஃது அறமாகாது. சட்டத்துக்கு அஞ்சிய கணக்கெழுத்தாகவே எஞ்சும். தடம் இருமுனையிலிருந்தும் வாசிக்கத்தக்கதாய் அமைதல் வேண்டும். தைத்தவளின் ஊதியமும் பணிநேரமும் அதில் இடம்பெறல் வேண்டும். ஆடையின் விற்பனை விலையும், முறையிடுவதற்குரிய இடமும் அவளுக்கு அவள் மொழியிலே தெரிதல் வேண்டும். ஆவணப்படுத்தும் செலவைப் பெரும்பயன் பெறுவோர் ஏற்றல் வேண்டும். பாண்டியன் அவையில் சிலம்பு உடைபட்டபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலன் மீளவில்லை. காலம் தாழ்த்தி வரும் அறிவு நீதியாவதில்லை. வினவ வேண்டிய காலத்திலேயே வினவுவதும், வினவும் உரிமையை ஆக்கியோருக்கும் வழங்குவதுமே ஆடை அணியும் ஒவ்வொருவரும் ஏற்க வேண்டிய கடனாகும்.