பையை நிறுத்துப் பார்த்தாயா?



போன மாதம் ஆராதனை முடிந்ததும் ஒரு வாலிபத் தம்பி வந்தான். "பாஸ்டர், முதல் தடவையா நாலு நாள் மலைப்பாதையில நடக்கப் போறேன். ஜெபம் பண்ணுங்க."

"பண்றேன் தம்பி. பையை நிறுத்துப் பார்த்தியா?" என்றேன். விழித்தான்.

ஏன் கேட்டேன் தெரியுமா? அவன் வயதில், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரே பாட்டில் தண்ணீரோடு மலையேறினவன் நான். கூட வந்த சகோதரன் பாதி வழியில் மயங்கி விழுந்தான். அது விசுவாசம் அல்ல பிரியமானவர்களே, அசட்டை! செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லவா?

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற அம்மையார், பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய். 1954-ல் அப்பலாச்சியன் மலைப்பாதையில் புறப்பட்டு வழி தப்பினார். மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. வீடு திரும்பினார். 1955-ல், 67 வயதில் மறுபடியும் புறப்பட்டார். தானே தைத்த பை, ஒரு கம்பளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை. சுமார் 3,300 கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தார்!

தம்பியிடம் சொன்னேன்: "முழுப் பையையும் சுமந்து ஒரு நாள் இங்கேயே நடந்து பார். புது ஷூவோடு போகாதே. தண்ணீர் எங்கே கிடைக்கும்னு விசாரி. வனத்துறை அனுமதி வாங்கு. போகிற வழியையும் வருகிற நாளையும் அம்மாகிட்ட எழுதிக் கொடு. முடியலைன்னா திரும்பி வா, அது வெட்கமில்லை."

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பையோடு வந்தான். நிறுத்தோம்: 17 கிலோ! ஐந்து கிலோவை வெளியே எடுத்து வைத்தோம். பிறகு முழங்கால்படியிட்டோம்.

தேவபிள்ளையே, ஆயத்தம் அவிசுவாசம் அல்ல. ஆமென்.