ஆடிப் பந்தலும் அவள் செயலும்

ஆடி பிறந்தால் திருவேற்காடு, மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து அம்மன் கோயில்களின் முன் பந்தல்கள் எழும்புகின்றன. கூழ் வார்க்கும் மாதமே காற்றடிக்கும் மாதமும். மாலையில் மேற்கிலிருந்து நகர்ந்து வரும் இடிமழை, சென்னைக்குள் நுழையுமுன் பெரும்பாலும் இந்தப் புறநகர்களைத்தான் தொடுகிறது. மழைக்கு முன்னோடியாக வரும் சூறை சில நிமிடங்களில் பந்தலைத் தூக்கிவிடும். விழுந்ததைப் பார்த்து ‘எல்லாம் அவள் செயல்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்தச் சொல் எதுவரை செல்லும் என்பதே கேள்வி.

நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியமும் பாலும் இட்டு முதல் கால் நடப்படுகிறது. பூசை ஒரு காலுக்கு; காற்று எல்லாக் கால்களையும் சோதிக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் துணியில் சுமார் 6 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் விழும்; 72 கி.மீ.யில் அது 24 கிலோ. 20 அடிக்கு 20 அடி சாமியானா அந்த அழுத்தத்தை முழுமையாக வாங்கினால் இழுப்பு ஒரு டன்னை நெருங்கும். காற்று வரும் பக்கம் திறந்து, மற்ற மூன்று பக்கமும் படுதாவால் அடைபட்டிருப்பது மிக மோசமான நிலை: புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைப் பிடுங்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் திறந்திருந்தால் அது கடந்துபோகும். மண்தரையில் முளைகளைப் பந்தலுக்கு எதிர்ப்புறம் சாய்த்து ஆழமாக அடிக்க வேண்டும். தார்ச்சாலையில் முளை இறங்காது. மணல் மூட்டையோ தண்ணீர் நிரப்பிய டிரம்மோ தேவை. மின்கம்பத்தில் கயிறு கட்டுவது உயிரோடு விளையாடுவது.

இவ்வளவு முன்னேற்பாடு தெய்வத்தின் மீதுள்ள நம்பிக்கைக் குறைவாகுமா? சரணாகதியைப் பற்றி வைணவத்தில் நெடிய விவாதம் உண்டு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல உயிருக்கும் ஒரு முயற்சி வேண்டும் என்பது வடகலை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டிபோல அருளே போதும் என்பது தென்கலை. ஆனால் அந்த விவாதம் வீடுபேற்றைப் பற்றியது. தென்கலையும்கூடக் கைங்கரியத்தில் அசட்டையை அனுமதிக்கவில்லை. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டைச் செய்தவர். பெருமாளோடு பேசும் பேறு பெற்றவர் என்று மரபு போற்றும் அவரே விசிறியைக் கீழே வைக்கவில்லை. பந்தல் கட்டுவதும் அத்தகைய தொண்டுதான். தளர்ந்த முடிச்சு தொண்டில் நேர்ந்த குறை.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். முதல் நான்கையும் கவனிக்காமல் ஐந்தாவதன் மேல் பழியைப் போடுவது பக்தியாகாது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா போன்ற புயலில் எந்தத் துணிப்பந்தலும் நிற்காது. அங்கே ‘அவள் செயல்’ என்பது நேர்மையான சொல். வழக்கமான ஆடிச் சூறைக்கு அது பொருந்தாது. அந்தக் காற்று ஆண்டுதோறும் வருவது ஊருக்கே தெரியும்.

பூசை நடுவே வானம் இருண்டால் பந்தலடியில் இருப்பவர்களை வெளியேற்றித் துணியை இறக்க ஒருவருக்கு முன்பே அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். அது அபசகுனமாகாது. விழா முடிந்தும் பிரிக்காமல் நிற்கும் பந்தலுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: காப்பு அவிழ்த்த பிறகு கயிறுகளை இறுக்கிப் பார்க்க யாரும் வருவதில்லை, காற்று மட்டும் ஆவணியிலும் தொடர்கிறது.