அரிவாள் பிடித்த கையும் அதை வளர்த்த கைகளும்



அண்மையில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து, தச்சநல்லூரில் நாம் பணியாற்றும் பள்ளிவாசலின் படியிறங்கியபோது, பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தவரைப் போல் ஒரு தாய் வந்து நின்றார்.

"ஹஜரத், எம் மவனுக்கு ஓதிப் பாருங்க. சேர்க்கை சரியில்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாரான். கேட்டா, 'எனக்கு ஒண்ணுன்னா அவனுவதான் வருவானுவ, நீங்களா வரப் போறீங்க'ங்கான்" என்று அழுதார்.

ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தனுப்பினோம். ஆனால் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அவனுடைய வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். உம்மா பொழுதெல்லாம் பீடி சுற்றுகிறார். தெருமுனையில் நிற்கும் 'அண்ணன்'தான் அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பரோட்டா வாங்கித் தருகிறார். முதலில் பரோட்டா, பிறகு பைக், பிறகு "ஒரு சின்ன வேலை" என்று அது வளர்கிறது. அந்த வேலை என்னவென்று தெரியும்போது பிள்ளையால் திரும்பி வர முடிவதில்லை.

நம் தாமிரபரணிக் கரையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அது சாதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கையில் கயிறு கட்டித் தம் கூட்டத்தை அடையாளம் காட்டுகிறார்கள். 2022 ஏப்ரலில், அம்பாசமுத்திரத்தை அடுத்த பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் இந்தக் கயிற்றைச் சொல்லி எழுந்த சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனை, உடன் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இதையடுத்து அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்கவும் பரிந்துரைத்தது.

இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போது கையில் கயிற்றோடு பிறந்தார்களா? எல்லாக் குழந்தைகளும் தூய இயற்கையிலேயே பிறக்கின்றன என்றும், பெற்றோரே அவற்றை வேறு வழியில் திருப்புகிறார்கள் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அப்படியானால் குற்றம் யாருடையது? பிள்ளையுடையதா, வளர்த்தவர்களுடையதா, வறுமையுடையதா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஹாத்திப் என்பவரின் அடிமைகள், முஸைனா கூட்டத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. முதலில் தண்டனை வழங்க உத்தரவிட்ட அவர்கள், பிறகு எஜமானரைப் பார்த்து, நீர் இவர்களைப் பட்டினி போடுவதாகவே தெரிகிறது என்றார்கள். அடிமைகளின் கை தப்பியது. 400 திர்ஹம் மதிப்புள்ள ஒட்டகத்திற்கு 800 திர்ஹம் தருமாறு எஜமானருக்குத் தீர்ப்பாயிற்று.

சிந்தித்துப் பாருங்கள்! திருட்டு திருட்டில்லை என்று உமர் (ரலி) சொல்லவில்லை. ஒட்டகத்துக்காரரின் இழப்பை மறக்கவுமில்லை. கணக்கை யாரிடம் கேட்பது என்பதைத்தான் விசாரித்தார்கள்.

இதை வைத்து, வறுமை எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். பசிக்கு ஒட்டகம் அறுப்பதும், பெருமைக்கு மனிதனை வெட்டுவதும் ஒன்றாகா. நாங்குநேரியில் வெட்டுப்பட்ட பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவன் உடல் தேறி வந்து, 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். ஆகவே வறுமை பிள்ளையைப் பிடித்துத் தள்ளும். ஆனால் கால் எடுத்து வைப்பவன் அவனே. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது இறைமறையின் தீர்ப்பு. அதே மறை, உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்றும் ஏவுகிறது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு. நமக்குத் தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது.

14ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன், 'அஸபிய்யா' என்னும் கூட்டப்பற்றே மனிதர்களை ஒருவரையொருவர் காத்துக்கொள்ள வைக்கிறது என்று விளக்கினார். அந்தத் தாயின் மகன் சொன்னதும் இதைத்தானே? காக்க ஆளில்லாதவன் கூட்டம் தேடுகிறான். சொந்தக் கூட்டத்தின் அநியாயத்திற்குத் துணை நிற்பதே கண்டிக்கத்தக்க அஸபிய்யா என்று நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்தார்கள். சகோதரன் அநியாயக்காரனாயினும் அவனுக்கு உதவச் சொன்னார்கள். எப்படி என்று தோழர்கள் கேட்டபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே உதவி என்றார்கள். "அண்ணன்" அரிவாளைக் கையில் கொடுக்கிறான். உண்மையான அண்ணன் அதைப் பிடுங்குவான்.

"நம் பிள்ளைகள் கயிறு கட்டுவதில்லையே" என்று நாம் நிம்மதி கொள்ளலாகாது. சம்பந்தம் பேசும்போது எந்தத் தெரு, எந்த வகையறா என்று கேட்கிறோமே, அது கண்ணுக்குத் தெரியாத கயிறல்லவா? வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளை எடுத்து வைக்கும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தை பாடம் படிக்கவில்லையா? ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரலி) அவர்களிடமே, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அத்தகைய சஹாபிக்கே அந்த எச்சரிக்கை என்றால் நாம் எம்மாத்திரம்!

ஆகவே சகோதரர்களே, வெளிநாட்டிலிருந்து போன் செய்யும்போது, பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன் மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஜமாஅத்தார்களே, ஜகாத் நிதியில் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பும் பிள்ளையை முதலில் வரவேற்பவர் தெருமுனை அண்ணனாக இருக்க வேண்டாம். மாற்றுச் சமூகத்துப் பிள்ளை வெட்டுப்பட்டாலும், அது அவர்கள் பிரச்சினை என்று கதவைச் சாத்தாதீர்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். "உம்மா அழுதாங்கன்னுதான வந்தீங்க?" என்று கேட்டான். ஆம் என்றோம், அவன் தானாகக் கேட்கும்வரை காத்திருந்தது நம் தவறு என்றும் ஒப்புக்கொண்டோம். இப்போது சில நாட்கள் மஃரிபுக்கு வருகிறான். சில நாட்கள் வருவதில்லை. வராத நாளில் நாம் தேடிப் போகிறோம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.