உருளை நிற்கும் வரை

சற்று அமைதியாக உட்காருவோம். நாம் போகவிருக்கும் இடத்தில் அமைதிக்கு வேலையே இல்லை என்று தோன்றும், தோன்றட்டும். லாஸ் வேகஸில் ஒரு காசினோ கூடம். சன்னல் இல்லை, சுவரில் கடிகாரம் இல்லை. வெளியே பாலைவனத்தில் பொழுது விடிந்ததா, சாய்ந்ததா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வரிசை வரிசையாய் ஸ்லாட் மெஷின்கள். ஒரு வரிசைக்கு மேலே பெரிய எண்பலகை ஒளிர்கிறது. அதன் கடைசி இலக்கங்கள், நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அதன் பெயர் மெகாபக்ஸ். 1986இல் நெவாடாவில் தொடங்கியது. மாநிலமெங்கும் பல காசினோக்களில் இருக்கும் மெஷின்களை ஒரே கம்பியில் கோத்ததுபோல் இணைத்தார்கள். யார் எங்கே பொத்தானை அழுத்தினாலும், அவர் கட்டிய காசில் ஒரு துளி பொதுப் பரிசில் போய்ச் சேரும். இப்படித் துளித்துளியாய் ஏறுவதைத்தான் புரோகிரசிவ் ஜாக்பாட் என்கிறார்கள். அதே மாநிலத்து ரீனோ நகரில் ஒருவர் விட்டதும், இங்கே பக்கத்து நாற்காலிக்காரர் விட்டதும் ஒரே எண்ணாகி நம் தலைக்கு மேல் மின்னுகின்றன. நாம் அதைப் பரிசு என்று வாசிக்கிறோம். மனம் தனக்கு வேண்டியதைத்தான் வாசிக்கும்.

இதை ஜெயிக்க உத்தி உண்டா? அந்தக் கேள்வியை விரட்ட வேண்டாம், அதுவும் நம்மோடு உட்காரட்டும். உண்மையான உத்திகள் சில உண்டு. மெகாபக்ஸில் 3 டாலர் முழுப் பந்தயம் கட்டினால்தான் பெரும்பரிசுக்கு உரிமை. 1 டாலர் கட்டியவருக்கு அதே சின்னங்கள் வரிசையாய் விழுந்தாலும் அது கிடைக்காது. முழுதாய்க் கட்ட மனமில்லையென்றால் வேறு மெஷினுக்குப் போய்விடுவதே கணக்குக்குச் சரி. வேறு சில மெஷின்களில், இன்ன தொகைக்குள் பரிசு விழுந்தே தீரும் என்று எழுதியிருக்கும். அந்த எல்லைக்கு மிக அருகில் ஆடினால் கணக்கு கொஞ்சம் நம் பக்கம் சாயலாம். அதற்காகவே அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பவர்கள் உண்டு. (அவர்கள் முகத்தைப் பார்த்தால், உட்கார்ந்து தோற்கிறவரே தேவலை என்று தோன்றும்.)

அவ்வளவுதான். மற்றவை மனம் நெய்துகொண்டவை. 'இந்த மெஷின் கொடுத்து ரொம்ப நாளாச்சு, இப்போ கொடுத்துடும்' என்று ஒரு குரல் உள்ளே சொல்கிறது. மெஷினுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. போன சுழற்சிகூட அதற்கு நினைவில்லை. நினைவு நம்மிடம்தான் இருக்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பும் நம்மிடம்தான் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மெஷினுக்குள் ஒரு சில்லு ஓயாமல் எண்களை உருட்டிக்கொண்டிருக்கிறது. விரல் பொத்தானை அழுத்திய கணத்தில் முடிவு விழுந்துவிடுகிறது. உருளைகள் அதற்குப் பிறகுதான் சுழல்கின்றன. முடிந்துவிட்ட ஒன்றை நமக்குக் காட்டத்தான் அந்தச் சுழற்சி. ஆனாலும் அந்தச் சில நொடிகளில் நம் மூச்சு நிற்கிறது, தோள் இறுகுகிறது, உதடு எதையோ முணுமுணுக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காலைவரை புரண்டு படுக்கிறோமே, அந்த இரவும் இப்படித்தான். குழாயில் இருப்பது நம் தவிப்பால் மாறப்போவதில்லை. இது தெரிந்தும் புரள்கிறோம்.

உருளை நிற்கிறது. பெரும்பரிசுச் சின்னம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே. 'அடடா, கொஞ்சத்தில் போச்சே!' 1984இல் டெல்னஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் உருளையில் இடங்கள் சிலவே. கணக்கு நடப்பதோ, உள்ளே ஒளிந்திருக்கும் அதைவிடப் பெரிய ஓர் உருளையில். பரிசுச் சின்னத்தை ஒட்டிய வெற்றிடங்களுக்கு அங்கே நிறைய எண்களை ஒதுக்கலாம். அதனால்தான் பரிசு அடிக்கடி அருகில் வந்து நிற்கிறது. கணக்கில் அருகு என்று ஒன்றில்லை. விழுந்தது, விழவில்லை என்ற இரண்டே. ஆனால் ஆசைக்கு அந்த ஒரு விரற்கடை போதும், அடுத்த காசை எடுத்துவிடும்.

மெகாபக்ஸ் பெரும்பரிசு விழும் வாய்ப்பு ஏறக்குறைய 5 கோடியில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். 6 நொடிக்கு ஒரு சுழற்சி, நாளுக்கு 8 மணி நேரம் என்று ஒருநாளும் விடாமல் ஆடினால், 5 கோடி சுழற்சிக்கு 28 ஆண்டுகளுக்கு மேலாகும். கட்டும் பணம் 15 கோடி டாலர். 2003இல் எக்ஸ்காலிபர் விடுதியில் விழுந்த மாபெரும் பரிசோ 3 கோடியே 97 லட்சம் டாலர்தான்.

ஒரு முதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989இல் மிராஜ் விடுதி திறந்த அன்றே அவருக்கு 46 லட்சம் டாலர் விழுந்தது. 2005இல், 92 வயதில், மறுபடியும் மெகாபக்ஸ்: 2 கோடியே 11 லட்சம். கேட்பவர்கள் அதிர்ஷ்டத்தை வியப்பார்கள். என் மனம் அந்தப் பதினாறு ஆண்டுகளில் போய் நிற்கிறது. கிடைத்த பிறகும் கை பொத்தானைத் தேடியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல வரவில்லை. என் கை எதெதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும்.

போகத்தான் போகிறோம் என்றால், இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன் என்று அறையிலேயே ஒரு தொகையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நல்ல யோசனை. அதோடு இன்னொன்றும் செய்து பார்ப்போம்: ஓர் அழுத்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே ஒரு முழு மூச்சு. அந்தக் கூடத்தில் இதைச் செய்ய யாரும் தடுப்பதில்லை, காசும் கேட்பதில்லை.

விரல் பொத்தானுக்கு மேலே இருக்கிறது. மூச்சு உள்ளே போகிறது, மெல்ல வெளியே வருகிறது. பக்கத்து மெஷினில் யாரோ 'சே' என்கிறார். தலைக்கு மேலே கடைசி இலக்கம் மாறுகிறது, மறுபடி மாறுகிறது. விரல் இன்னும் அழுத்தவில்லை.