சேவலைப் பிரித்து அடைப்பது ஹிம்சையா?

சென்ற தை மாதத்தில் எம் கொல்லை வேலியோரம் பெட்டைக்கோழி ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. முதுகில் இறகே இல்லை. இறக்கையின் கீழ் விலாத்தோல் கிழிந்து ஈ மொய்த்தது. கோழிக்கு உரியவரான அடுத்த வீட்டு அம்மையாரிடம் கூறினேன். "சேவல் மிதிப்பது இயற்கைதானே, அதற்கு நாம் என்ன செய்வது?" என்றார்.

இயற்கை என்னும் இச்சொல்லைச் சிறிது ஆராய வேண்டும். சேவல் அணையும்போது அலகால் பிடரி இறகைப் பற்றி, முதுகின்மேல் ஏறிக் கால்களால் மிதிக்கும். அது பிறவிக்குணம், சேவலின்பால் குற்றமில்லை. சேவல் ஒன்றுக்கு எட்டு, பத்துப் பெட்டைகள் இருப்பின் இத்தகைய காயம் அரிது. அவ்வீட்டிலோ கம்பிவலைக்குள், ஓடி ஒளிய இடமின்றி, நான்கு பெட்டைகளுக்கு இரண்டு சேவல்கள். அவ்வாறு அடைத்தது இயற்கையன்று, மனிதரே. அதைக் கண்டும் ஒதுங்கி நிற்பது அஹிம்சை ஆகாது. பிரமாதம் என்றே கொள்ள வேண்டும்.

புண்ணை வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, நீர் கலந்த பொவிடோன் அயோடின் தடவிக் கோழியைத் தனியே வைத்தோம். குருதியின் செந்நிறம் கண்டால் பிற கோழிகளே புண்ணைக் கொத்தும். நல்லவேளையாகப் புழு வைக்கவில்லை. வைத்திருப்பின் அப்புழுக்களின் பொருட்டு வேறொரு வினா எழுந்திருக்கும். முதுகை மறைக்க, இறக்கைகளில் மாட்டும் பருத்தி மேலாடை ஒன்றை என் மனைவி தைத்தாள். ஒடிந்த இறகின் அடி தோலில் நின்றுவிட்டால், அடுத்த இறகுதிர் பருவம் வரை அவ்விடத்தில் புதிய இறகு முளைக்காது.

சேவலின் கால்முள்ளை அறுத்துவிடும்படி உறவினர் ஒருவர் கூறினார். அம்முள் வெறும் நகமன்று. மேலே கொம்புறை, உள்ளே குருதி ஓடும் எலும்பு. நுனியை அரத்தால் மழுக்கலாம். அடியோடு அறுப்பது உறுப்பறுத்தலாகும். கொல்லாமை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் அதுவும் ஒன்று. கட்டிவைத்தலும் அவ்வைந்தனுள் அடங்கும். எனில், சேவலைப் பிரித்து அடைத்தல் பந்தம் ஆகாதா? யசோதர காவியத்தில் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதே பல பிறவித் துயருக்கு வித்தாயிற்று. பாவனையே அங்கு வினையாயிற்று. எனவே இரையும் நீரும் நிழலும் உலவ இடமும் குறையாமல், காக்கும் பாவனையுடன் பிரித்து வைத்தல் அதிசாரம் ஆகாது என்பது என் துணிபு.

ஆயினும் என் உறக்கம் கெட்டது வேறொன்றால். "சேவல் ஒன்று மிகுதி" என்று நான் சொன்னதும் அம்மையார் உடனே இசைந்தார்: "அப்படியானால் திருவிழாவுக்கு அதை அறுத்துவிடலாம்." பெட்டையின் முதுகைக் காக்கக் கூறிய சொல், சேவலின் கழுத்துக்குக் கத்தியாய் முடிய இருந்தது. பணம் கொடுத்தால் மற்றொரு சேவல் வரும் என்றஞ்சி, ஒரு மூட்டை நெல் கொடுத்து அதைப் பெற்றேன். நெல்லும் விலைதானே என்றான் என் மகன். மறுக்க இயலவில்லை.

இப்போது சேவல் எம் கொல்லையில் வாழ்கிறது. பூனைக்கு அஞ்சி இரவில் பஞ்சாரத்தால் மூடுகிறோம். எவ்வளவு தானியம் இட்டாலும், பகலெல்லாம் எருக்குழியைக் கிளறிப் புழுக்களைத் தின்கிறது. பெட்டைக்கு விலாப்புண் ஆறிவிட்டது. மேலாடை மட்டும் இன்னும் முதுகில் இருக்கிறது.