பயமுறுத்தலும் பெற்றோர் கடமையும்



"இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று பிள்ளை சொன்னால் நம்மில் அநேகர் அதைச் சோம்பல் என்றே எண்ணுகிறோம். துறைமுகத்தில் இராவேலை முடித்து வந்த தகப்பனுக்கும், விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போய்த் திரும்பிய தாய்க்கும் உட்கார்ந்து விசாரிக்க நேரம் ஏது? ஓர் அதட்டலோடு பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். ஆனால் சில வேளைகளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது சோம்பல் அன்று, பயம். "சாயங்காலம் வெளியே வா, வெட்டுகிறேன்" என்று ஒருவன் சொல்லியிருப்பான். பிள்ளை அதை வீட்டில் சொல்லாமல் நாள்கணக்கில் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட நிலையில் பெற்றோரின் கடமை என்ன? பொறுத்துப் போவது புண்ணியமா? சொல்லிக் கொடுப்பது கோளா? இவற்றைச் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

முதலாவது, விளையாட்டுச் சண்டை வேறு, பயமுறுத்தல் வேறு. பேனாவுக்காகவும் பந்துக்காகவும் இன்று அடித்துக்கொண்டு நாளைக்குத் தோள்மேல் கை போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதில் பெரியவர்கள் தலையிட்டால் சிறு சண்டை தெருச்சண்டையாகும். ஆனால் பலர் சேர்ந்து ஒருவனையே நாள்தோறும் உபத்திரவம் செய்தால், சாதியையோ ஏரியாவையோ சொல்லி இழிவுபடுத்தினால், பணம் கேட்டு மிரட்டினால், ஆயுதத்தையும் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் பேசினால், "உன் தங்கையை என்ன செய்கிறேன் பார்" என்று வீட்டாரையும் இழுத்தால், அது விளையாட்டன்று. வாயால் சொன்னாலும், கைப்பேசியில் எழுதி அனுப்பினாலும் ஒன்றுதான். அப்போது பெற்றோர் பொறுமை காட்டக் கூடாது, விழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இதற்கு நம் நாட்டிலேயே துயரமான சாட்சியம் ஒன்று உண்டு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சமூகத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகள் சிலர் தொடர்ந்து துன்புறுத்தி வந்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். பள்ளியில் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னான், எழுத்திலும் கொடுத்தான். அன்றிரவே, 2023 ஆகஸ்டு 9-ஆம் தேதி, அரிவாளோடு அவன் வீட்டுக்குள் புகுந்து அவனை வெட்டினார்கள். குறுக்கே விழுந்து தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டினவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. காயப்பட்ட அந்தப் பையன் மருத்துவமனையிலிருந்து மீண்டு, விடாமல் படித்து, 2024-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றான் என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

நாங்குநேரி வெகுதூரம், நம் பக்கத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 அக்டோபரில் நம் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவரை வேறொரு கல்லூரி மாணவர்கள் தாக்கினார்கள். சில நாட்களில் அவர் உயிர் துறந்தார். அங்கே சாதியின் பெயரால் நடந்தது, இங்கே கல்லூரியின் பெயராலும் ரூட்டின் பெயராலும் நடந்தது. பெயர்தான் வேறு; "எங்கள் கூட்டம் பெரியது" என்னும் அகங்காரம் ஒன்றே.

நாங்குநேரிச் செய்தியைக் கேட்ட பலரும் ஒரு தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, புகார் சொன்னதால்தானே வெட்டு விழுந்தது? வாயை மூடிக்கொண்டு இருந்தால் பிழைத்திருக்கலாம்" என்கிறார்கள். இது சரியான தீர்ப்பா? அவன் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் உபத்திரவம் குறையவில்லையே! சொன்னது தவறன்று. சொன்ன பிள்ளைக்கு அந்த இரவு ஒரு காவல் இல்லாமற் போயிற்றே, அதுதான் குறை. ஒரு பிள்ளையை வாய் திறக்கச் செய்கிறவர் எவரோ, அந்த நாழிகை முதல் அப்பிள்ளையைக் காக்கும் கடமையும் அவருடையது.

இதை வேதாகமமே நமக்குக் காட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடி 23-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். ஜெருசலேமில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அர்ச். சின்னப்பரைக் கொல்லும்வரை உண்பதில்லை, குடிப்பதில்லை என்று சபதம் செய்துகொள்கிறார்கள். அவருடைய சகோதரியின் மகன், ஒரு வாலிபன், இந்தச் சதியைக் கேள்விப்படுகிறான். நேரே மாமனிடம் வந்து சொல்கிறான். "சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்" என்று சின்னப்பர் தட்டிக் கழிக்கவில்லை. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருக்கவும் இல்லை. உடனே அவனை அதிகாரியிடம் அனுப்புகிறார். அந்த உரோமைப் படைத்தலைவன் செய்ததையும் கவனியுங்கள். பையனைக் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போகிறான், முழுவதையும் கேட்கிறான், என்னிடம் சொன்னதை வேறு ஒருவரிடமும் சொல்லாதே என்று எச்சரித்து அனுப்புகிறான், அன்றிரவே காலாட்கள் 200, குதிரைவீரர் 70, ஈட்டிக்காரர் 200 பேரோடு சின்னப்பரைச் செசாரியாவுக்கு அனுப்பிவைக்கிறான். தனியே கேட்டது, பெயரை மறைத்தது, அன்றே காவல் கொடுத்தது ஆகிய இம்மூன்றும் ஓர் அந்நிய அதிகாரியிடம் இருந்தன. நம்மிடம் இருக்க வேண்டாமா?

இங்கே சில ஆட்சேபணைகள் எழலாம்.

"கோள் சொல்வது பாவமல்லவா?" என்பார்கள். பிறன் பெயரைக் கெடுப்பதற்காக அவன் குற்றத்தைப் பரப்புவது பாவந்தான். ஆனால் பிறருக்குத் தீங்கு செய்யப் போகிற இரகசியக் குற்றத்தைப்பற்றி அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தெளிவாய்ப் போதித்திருக்கிறார். தனியே புத்தி சொன்னால் தீங்கு நின்றுவிடும் என்ற உறுதி இருந்தாலன்றி, அதைத் தடுக்கக் கூடியவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆகையால் பயமுறுத்தப்பட்ட பிள்ளை மாத்திரமல்ல, அதைக் காதால் கேட்ட தோழனும் சொல்லக் கடமைப்பட்டவன். அரிவாள் பையில் இருப்பதை அறிந்து பேசாமலிருப்பது நட்பாகாது.

"ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறதே?" என்பார்கள். நம் கன்னத்தைக் காட்ட நமக்கு உரிமையுண்டு. பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக் காட்ட நமக்கு உரிமையில்லை. சேசுநாதர் சுவாமியே தலைமைக் குருவின் முன் அறையப்பட்டபோது, அறைந்த சேவகனை ஏன் அடித்தாய் என்று நியாயம் கேட்டார். அவர் பகை பாராட்டவுமில்லை, அநியாயத்தை நியாயமென்று ஒப்புக்கொள்ளவுமில்லை. மன்னிப்பு என்பது உள்ளத்தில் பகை வைக்காதிருப்பது. கதவைத் திறந்து வைப்பதல்ல.

"அப்படியானால் நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அவன் வீட்டில் கேட்டுவிடலாமே?" என்பார்கள் வேறு சிலர். வேண்டாம். இரண்டு பிள்ளைகளின் வழக்கு அந்தக் கணமே இரண்டு குப்பங்களின் வழக்காகிவிடும். உங்கள் மகனைக் காப்பாற்றப் போய் அவனை இன்னும் பெரிய ஆபத்தில் நிறுத்துவீர்கள்.

செய்ய வேண்டியது யாதெனில்:

பிள்ளை வாய் திறந்தால் முழுவதும் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காதீர்கள், அந்தக் கேள்விக்கு வேறு நேரமுண்டு. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. "உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன், ஆனால் சும்மாவும் இருக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்ன வார்த்தை, நாள், இடம், கூட இருந்தவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் வந்த மிரட்டலை அழிக்காதீர்கள்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். எதிர்த்தரப்புப் பெற்றோரை யார், எப்போது அழைப்பார்கள்? என் பிள்ளையின் பெயர் அதுவரை எப்படி மறைக்கப்படும்? இன்று மாலையும் இரவும் நாளைக் காலையும் என் பிள்ளைக்கு யார் துணை? மூன்றாம் கேள்விக்குப் பதில் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். தேவையானால் பிள்ளையைச் சில நாள் உறவினர் வீட்டில் வையுங்கள். அது கோழைத்தனமன்று, விவேகம். கொலை மிரட்டலுக்குத் தப்பிச் சின்னப்பரும் இரவோடிரவாக ஊரை விட்டுப் போனார்.

ஆயுதத்தைக் குறித்தோ உயிரைக் குறித்தோ பேச்சு வந்தால் பள்ளியோடு நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கான 1098, கல்வித்துறையின் 14417 ஆகிய எண்கள் அதற்கென்றே இருக்கின்றன. உடனடி ஆபத்தானால் 112. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிறுவர் நலக் காவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டுமென்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அவரைக் கேளுங்கள். "புகார் கொடுத்தால் அந்தப் பையன் வாழ்க்கை கெட்டுவிடுமே" என்று இரங்குகிறவர்களும் ஒன்று அறியவேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர்களின் வழக்கு முதலில் இளைஞர் நீதிக் குழுமத்துக்கே போகிறது. திருத்துவதே அச்சட்டத்தின் நோக்கம். வெட்டுக்குமுன் தடுத்தால் இரண்டு பிள்ளைகள் பிழைப்பார்கள். வெட்டுக்குப்பின் இருவரையும் இழப்போம்.

தனித்தனியாய் நிற்கவும் வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்கவேண்டுமென்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? நாங்குநேரிக்குப்பின் அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியக் கூடாது, 500-க்கு மேல் மாணவர் உள்ள பள்ளிகளில் நலன் காக்கத் தனி அலுவலர் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. "நம் பள்ளியில் யார் இதைக் கவனிக்கிறார்?" என்று கேட்பது உங்கள் பாத்தியதை.

கடைசியாக, சொல்லக் கசப்பானது ஒன்று. பயமுறுத்தப்படுகிற பிள்ளையின் பெற்றோரைப் போலவே, பயமுறுத்துகிற பிள்ளையின் பெற்றோரும் இப்பக்கத்தை வாசிக்கிறீர்கள். தலைமையாசிரியர் அழைத்தால் "என் பையன் அப்படிப்பட்டவன் அல்ல" என்று வக்காலத்து வாங்காதீர்கள். அவனை உட்காரவைத்துக் கேளுங்கள். அவன் பையையும் கைப்பேசியையும் பாருங்கள். "நம்ம ஆளுங்க யார்னு காட்டு" என்று நாம் வீட்டுத் திண்ணையில் பெருமையாய்ப் பேசினதைத்தான் அவன் வகுப்பறையில் செய்தானோ என்றும் உங்களையே சோதித்துப் பாருங்கள். அரிவாளைப் பிள்ளை எங்கிருந்தோ எடுக்கலாம். அகங்காரத்தைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே எடுக்கிறது. தப்பு உண்மையானால், தண்டனைக்குப் பயந்து ஒளிக்காமல், அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அதைவிடப் பெரிய உதவி ஒரு தகப்பன் தன் மகனுக்குச் செய்ய முடியாது.

இந்த வாரம் ஒரு நாளாவது, சாப்பாட்டு வேளையில் கைப்பேசியை ஒதுக்கி வைத்து, பிள்ளைகளை ஒன்று கேளுங்கள்: "உன் வகுப்பில் யாராவது பயந்துகொண்டிருக்கிறார்களா?" பதில் உடனே வராமற் போகலாம். மறுநாளும் கேளுங்கள். கேட்கிற வீடு இது என்று பிள்ளைக்குத் தெரிந்தால், ஒரு நாள் அது பேசும். அந்த நாளில் நாமும் ஆயத்தமாயிருப்போமாக.